கமலினி, ரோகிணி நட்சத்திரம்

2018 ஆவணி, வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணிக்குப் பாரிஸ் புறநகர் கூசேன்வில்லில் நானும் மைத்துனனும் ரயில் ஏறினோம். வவுனியாவிலிருந்து அவன் வீட்டுக்குத்தான் போயிருந்தேன். பாரிஸ் வடக்கு நிலையத்தில் இறங்கினால் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பல் பத்து நிமிட நடை. முருங்கைக்காயும் மல்லிகைச் சரமும் கண்டதும் ஊர்ச் சந்தைக்கு வந்துவிட்டது போலிருந்தது. ரூ பெர்தொனே தெருவில் பால் விடாத பிளேன்ரீ குடித்தோம். ஒன்றரை யூரோ.

"அத்தான், பிள்ளையார் கோவிலுக்கு ராசன் வருவான். வெள்ளிக்கு வெள்ளி அந்தக் கமலினிப் பிள்ளையின்ரை பேருக்கு அர்ச்சனை. செத்தவைக்கு ஆராவது அர்ச்சனை செய்வினமே? மோட்ச விளக்கை ஏத்திப்போட்டு ஒரு கலியாணத்தைக் கட்டச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாக் கேப்பான்" என்றான் மைத்துனன்.

ராசன் எனக்கு ஊரிலேயே பழக்கம்; வன்னியில் பெரிய மாட்டுப் பட்டி வைத்திருந்தவர். பாரிஸில் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார், தனி ஆள். கமலினிக்கும் அவருக்கும் சாதகம் பொருந்தி, கலியாணத்துக்கு நாள் வைக்க இருந்த நேரம் 2009 சண்டை. அவள் என்ன ஆனாள் என்று எவருக்கும் தெரியாது.

கோவில் வாசலில் நின்றார்.

"என்ன பட்டிக்காரர், மாடெல்லாம் சுகமோ?" என்றான் மைத்துனன்.

"ஓம், சுகம். ஒண்டுதான் கட்டறுத்துக்கொண்டு முன்னாலை நிக்குது."

சிரித்தோம். பூசைக்கு நேரமிருந்தது. நான் மெல்லக் கலியாணக் கதையை எடுத்தேன். அவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"ஷெல் கிட்ட விழத் தொடங்கிட்டுது, அண்ணை. 'மாடுகள் பாவம், பட்டியைத் திறந்துவிட்டிட்டு ஓடியாங்கோ, நான் இஞ்சை நிக்கிறன்' எண்டாள். திறந்துவிட்டிட்டு ஓடியந்தன். ஆளில்லை."

கையிலிருந்த அர்ச்சனைத் தட்டில் பழத்தைச் சரிசெய்துவிட்டுத் தொடர்ந்தார்.

"முகாமிலையிருந்து வந்தாப்பிறகு காட்டுக்குள்ளை என்ரை மாடு மூண்டைக் கண்டுபிடிச்சன். தொடையிலை நான் சுட்ட குறி கிடந்தது. மனிசருக்கு என்ன குறி, அண்ணை? பேரும் நட்சத்திரமும்தானே."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவரோடு உள்ளே போனேன்.

மணி அடித்தது. ஐயர் தட்டை வாங்கிப் பெயர் கேட்டார்.

"கமலினி. ரோகிணி நட்சத்திரம்."

மைத்துனன் என்னைப் பார்த்தான். நான் பிள்ளையாரைப் பார்த்துக் கும்பிட்டேன். புறப்படும்போது ராசன் என் கையைப் பிடித்து, "சுகமாய்ப் போட்டு வாங்கோ" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

வவுனியா வந்து முதல் வெள்ளி, எங்கள் பிள்ளையாரிடம் போனோம். மனைவி, பிள்ளைகள் பெயரெல்லாம் சொன்னேன்.

"வேறை ஆர்?" என்றார் ஐயர்.

"கமலினி. ரோகிணி."

மனைவி திடுக்கிட்டுத் திரும்பினாள். வீடு போகும் வழியில் அவளுக்கு எல்லாம் சொன்னேன். அந்தப் பிள்ளை நிற்கிறேன் என்று சொன்ன இடத்துக்கு, பாரிஸைவிட எங்கள் கோவில் கிட்ட.