சூதாட்ட விடுதிக்குப் பிளான் கீறிய தவராசா அண்ணன்

தவராசா அண்ணன் இறந்துவிட்டார். அவருடைய மனைவி லீலா அக்கா இப்போதுதான் போன் எடுத்துச் சொன்னார்.

மட்டக்களப்பில் எங்கள் நீர்ப்பாசனத் திணைக்களக் கந்தோரில் அவர் படவரைஞர். வாய்க்கால், மதகு, அணைக்கட்டு எல்லாம் கீறுவார். எனக்கு அடுத்த மேசை... பதினொரு வருடம்.

அவருக்கு ஒரேயொரு பைத்தியம். கசினோவைக் கொள்ளையடிக்கிற ஆங்கிலப் படங்கள். பத்துப் பேர் கோட் சூட்டோடு கூடித் திட்டம் போட்டு, பெட்டகத்தை உடைக்கிற வகை. கசினோ என்ற ஒன்றை எங்களில் யாரும் கண்ணால் கண்டதில்லை. அவரும்தான்.

ஒருநாள் கேட்டேன். "அதென்ன அண்ணே, ஒரு படத்துக்கு இத்தனை பெரிய நடிகர்மார்? ஓராள் போதாதா?"

"பத்துப் பேரும் வெள்ளைக்காரன், பத்துப் பேரும் கோட்டு. தெரிஞ்ச முகம் இல்லாட்டி ஆர் கள்ளன், ஆர் காவல்காரன் எண்டு உனக்கு விளங்குமா புள்ள?"

இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்தச் சினிமாக் கட்டுரையிலும் நான் வாசித்ததில்லை.

அவருக்கே விளங்காத ஒன்றும் இருந்தது. உலகத்துக்கே தெரிந்த அந்த முகங்கள் வாசலால் நடந்து உள்ளே போகின்றன. அங்கே நிற்பவன் ஒருவரையும் மறிப்பதில்லை. அண்ணனின் முகத்தைப் பாலத்தடி இராணுவச் சோதனைச் சாவடியில் தினமும் பார்த்தார்கள். தினமும் அடையாள அட்டை கேட்டார்கள்.

"எடுத்த படத்தை ஏன் அண்ணே திரும்ப எடுக்கிறாங்க?" இதுவும் நான் கேட்டதுதான்.

"நாம ஒரே மதகை எத்தினை தரம் கீறியிருக்கம்? புது இஞ்சினியர் வந்தா புதுப் பிளான். தண்ணி என்னவோ அதே தண்ணிதான்."

போர்நிறுத்தம் தந்த சமாதான காலம் முடிந்து, ஆட்கள் மறுபடி காணாமல் போகத் தொடங்கியிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் ஒரு பழைய கசினோ படத்தின் ரீமேக், டிவிடியாக அவர் கைக்கு வந்தது.

ஞாயிறு பகல் முழுக்கப் பார்த்திருக்கிறார். பார்த்தவர் சும்மா இருக்கவில்லை. ஒரு தாளில் அந்தக் கட்டடத்தின் பிளானைக் கீறினார். காவலர் நிற்கும் இடங்களுக்குப் பெருக்கல் குறிபோல் புள்ளடி. கமெராக்களுக்கு வட்டம். காவல் மாறும் நேரங்கள் ஓரத்தில்.

தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்... எனக்குக் காட்ட.

திங்கள் காலை அந்தச் சட்டையோடு பாலத்தடிக்கு வந்தார். சோதித்த சிப்பாய்களின் கையில் தாள் அகப்பட்டது.

"விசாரிச்சிட்டு விடுறம்" என்று முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்களாம். அந்த வசனத்தோடு போன சிலரை அவர்களுடைய வீட்டார் இன்னும் தேடுகிறார்கள்.

கந்தோரில் ஆண்கள் ஒருவரும் முகாமுக்கு வரவில்லை. வந்திருந்தால் அவர்களையும் தேட வேண்டியிருந்திருக்கும். நானும் லீலா அக்காவும் போனோம். அக்காவின் கைப்பைக்குள் அந்த டிவிடி.

அதிகாரிக்குத் தமிழ் கொஞ்சம் வந்தது. டிவிடியின் அட்டையைப் பார்த்தார். அண்ணனின் தாளைப் பார்த்தார்.

"இந்தப் படம் எனக்குத் தெரியும். சின்னக் காலத்தில அப்பா கூட்டிப் போனது. அதில பெட்டகம் மேல் மாடி. இந்தப் பேப்பரில கீழ. பொய் சொல்ல வேணாம்."

அவர் பார்த்தது பழைய படம். ரீமேக் என்றால் என்ன என்று ஒழுங்காக விளக்காவிட்டால் அண்ணன் வீடு வரமாட்டார்.

"இது புதுசு சேர். அதே கதையைத் திரும்ப எடுத்தது" என்றேன்.

"ஏன் திரும்ப?"

மதகைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

"போட்டுப் பாருங்க சேர். நாங்க இருக்கிறம்" என்றார் அக்கா.

போட்டார்கள். முகாம் டிவிக்கு முன்னால் நாங்கள் இருவரும், ஏழெட்டுச் சிப்பாய்களும். நாள் முழுக்க வாசல் காக்கிறவர்கள், படத்தில் யார் பக்கம் நின்றார்கள் என்று நினைக்கிறீர்கள்? முழுமனதோடு கள்ளர் பக்கம்.

பெட்டகக் காட்சியில் அதிகாரி படத்தை நிறுத்தினார். தாளைத் திரையோடு சேர்த்துப் பிடித்தார்.

"படத்தில லிஃப்ட் இந்தப் பக்கம். பேப்பரில அந்தப் பக்கம்."

அக்கா என் கையைப் பிடித்தார். நகம் பதிந்தது.

அண்ணனைக் கொண்டு வரச் சொன்னார். வந்தார். உதடு வீங்கியிருந்தது. அக்காவை அவர் பார்க்கவில்லை... திரையைத்தான் பார்த்தார்.

"படத்தில பிழை சேர். லிஃப்ட் அங்க நிண்டா, பெட்டகத்திர கூரையை உடைச்சிட்டுத்தான் கீழ இறங்கும். நான் திருத்திக் கீறினன்."

அதிகாரி அந்தக் காட்சியைத் திரும்ப ஓட்டினார். மூன்று தரம்.

"ஓம்... பிழைதான்" என்றார் கடைசியில். "பழைய படத்தில இந்தப் பிழை இல்ல. பழையதுதான் நல்லம். என்ன?"

அண்ணன் வாயைத் திறந்தார். அடுத்த மேசையில் இருந்தவள் நான், எனக்குத் தெரியும். மறுத்துப் பேசப் போகிறார்.

"ஓம் சேர், பழையதுதான் நல்லம்!" என்றார் லீலா அக்கா. அக்கா பழையதைப் பார்த்ததே இல்லை.

விட்டார்கள். டிவிடியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மீதியைப் பார்க்க வேண்டுமாம்.

வாவிக் கரைக்கு வந்தோம். அக்கா கைப்பையால் அண்ணனின் முதுகில் அடிக்கத் தொடங்கினார். "படம் பாக்க உங்களுக்குக் கண் போதாதா? கையும் வேணுமா?" அழுது அழுது அடித்தார்.

"மெல்லமா அடி லீலா... அவங்களும் அங்கதான் அடிச்சவங்க."

அக்கா கைப்பையைக் கீழே போட்டுவிட்டார்.

இன்று காலை தேற்றாத்தீவு வீட்டில், தன் கட்டிலில், எழுபத்து மூன்று வயதில் இறந்திருக்கிறார். அக்கா பக்கத்தில் இருந்தாராம்.

நாளைக்கு வாறன் அண்ணே.