மூன்றாவது வௌவால்

ஊற்றிவைத்த தேநீரை ஆறவிட்டு, அலமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்து, வாசல்வரை போய்த் திரும்பி, மறுபடியும் அலமாரிப் பக்கம் நடக்கிறார் தாவ் ஷூன்லி. வலது கையில் இரண்டு அக்ரூட் கொட்டைகள் ஒன்றோடொன்று உரசி உருண்டுகொண்டே இருக்கின்றன.

"உக்காருய்யா. குட்டி போட்ட பூனையாட்டம் எத்தன சுத்து? பாக்கற எனக்குத் தல கிறுகிறுங்குது" என்பார் கடைக்காரி பியன் யூலான்.

"உக்காந்தா நாற்காலிக்கு வாடக கேப்பியே" என்பார் இவர், நடந்துகொண்டே.

சூச்சோவ் நகரத்தின் இந்தத் தெருவில் ஜேட் என்னும் பச்சைக் கல்லில் குடைந்த பழைய பாத்திரம் எது விலைபோனாலும் தாவின் கட்டைவிரல் அதை ஒருமுறை தடவியிருக்க வேண்டும். சாயம் ஏற்றி, மண்ணில் புதைத்து, முந்தாநாள் செய்ததை முந்நூறு வருஷத்துப் பொருளாக்கும் எமகாதகர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் காலால் மிதித்துச் சுழற்றிய சக்கரமும் மணலும் தேய்த்த வளைவு வேறு, மின்சாரக் கருவி குடைந்தது வேறு. "கண்ணு பொய் சொல்லும், கட்டவெரலு சொல்லாது" என்பது அவர் வாக்கு.

நிஜம் என்று தெரிந்தால் செதுக்கலையும் படித்துச் சொல்வார். பைன் மரம் என்றால் குளிருக்கு அஞ்சாத மனசு. பீச் பழம் தீர்க்காயுசு. சீன மொழியில் வௌவாலுக்கும் பாக்கியத்துக்கும் ஒரே உச்சரிப்பு என்பதால், ஐந்து வௌவால் இருந்தால் ஐந்து பாக்கியம்: நீண்ட ஆயுள், செல்வம், உடல் நலம், நல்லொழுக்கம், கடைசியில் நோகாத சாவு. முன்பெல்லாம் ராகம் போட்டுச் சொல்வார். இந்த வருஷம் மூன்றாவதுக்கு வரும்போது மட்டும் எங்கிருந்தோ இருமல் வந்துவிடுகிறது.

போன குளிர்காலத்திலிருந்து அவருடைய வலது கை நடுங்குகிறது. கொட்டைகள் உருண்டுகொண்டிருக்கும்வரை அந்த நடுக்கம் யாருக்கும் தெரியாது. வைத்தியரிடம்கூட வெளியூர் போய்த்தான் காட்டினார். தெருவுக்குத் தெரிந்தால் அப்புறம் எவன் அவர் முன்னால் ஒரு கிண்ணத்தை வைப்பான்? அந்தப் பயம்தான் அவரை உட்காரவிடுவதில்லை.

ஜேட் வியாபாரத்தில் பொருளைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. ஒருவர் மேசையில் வைத்துக் கையை எடுத்த பிறகே மற்றவர் தொட வேண்டும். உடைந்தால் யார் கையில் உடைந்தது என்ற வழக்கே வரக் கூடாதல்லவா? யூலான் இதில் படு கறார். பேரன் பிறந்தபோது, "மெத்தையில வைங்க, நான் எடுத்துக்கறேன்" என்று நர்சிடம் சொன்னவர் என்று தெரு இன்னும் சிரிக்கிறது.

நேற்று, பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஷென் கோபிங் ஒரு ஜேட் கிண்ணத்தோடு கடைக்கு வந்தார். பாதியாக அறுத்த பீச் பழத்தின் வடிவம். வளைந்த கிளையே கைப்பிடி. வெளியே ஐந்து வௌவால்கள். மேசைத் துணிமேல் வைத்துக் கையை எடுத்தார்.

"சாகறவரைக்கும் எங்கம்மா இது நெஜம்னாங்க. தங்கச்சி, அம்மா புளுகறாங்கன்னா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க வாத்தியாரே."

தாவ் மேசையைச் சுற்றினார். டார்ச் அடித்துக் குனிந்தார். மறுபடியும் சுற்றினார். கொட்டைகள் கடகடவென்று உருண்டன.

"கையில எடுத்துப் பாக்கலியா?" ஷென்னின் முகம் வாடியது. "அப்ப போலிதானா?"

"போதும்யா ஊர்கோலம்" என்றார் யூலான். "கொட்டையக் கீழ வை. கிண்ணத்த எடு."

தாவ் கொட்டைகளை வைத்தார். வெறுங்கை கிண்ணத்தின் அருகே போனது, நடுங்கியது. சட்டென்று அதை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். அவமானத்தில் காது சுட்டது. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஷென் கவனிக்கவில்லை. யூலான் கவனித்துவிட்டார்.

எழுந்து வந்து கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தார்.

"கைய நீட்டு."

"யூலான், மேசையில வை. அதான மொற?"

"மொறய எனக்கே சொல்லித் தர்றியா? நீட்டுய்யா."

தாவின் குவிந்த கைகளில் கிண்ணத்தை வைத்தார். வைத்தவர் தன் கைகளை எடுக்கவில்லை. தாவின் கைகளுக்கு அடியில் கொண்டுபோய்த் தாங்கிக்கொண்டார். தாவின் கட்டைவிரல் கிண்ணத்தின் உட்சுவரில் மெல்ல இறங்கி, அடிவரை போய், ஏறி வந்தது.

"நெஜம்" என்றார். "உங்கம்மா புளுகல."

ஷென் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். தாவ் வௌவால்களை எண்ணத் தொடங்கினார். "ஒண்ணு, ஆயுசு. ரெண்டு, செல்வம்…"

மூன்றாவதில் குரல் நின்றது. யூலான் அடியிலிருந்த தன் கைகளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.