அப்பளச் சத்தம்

பக்கவாதம் வந்து கை கால் தேறிவிட்டது, தொண்டை மட்டும் தேறவில்லை. தண்ணீர் குடித்தாலும் புரையேறி நுரையீரலுக்குள் போனது. இரண்டு முறை காய்ச்சலில் படுத்தேன். அதனால் வயிற்றில் துளையிட்டு, சாப்பாடு ஊற்ற ஒரு குழாய் வைத்தார்கள். கோச்சடை வீட்டுக்குத் திரும்பியதும் அந்தக் குழாயின் மேலேயே கைலியை இறுக்கிக் கட்டிப் புண்ணாக்கிக்கொண்டு டாக்டரிடம் திட்டு வாங்கினேன். புண் ஆறியது. எடையும் ஏறியது.

எனக்கு எரிச்சல் மூட்டியது வேறு. வீட்டில் தாளிக்கும் வாசனையே இல்லை. சத்தம் கேட்கும் என்று அப்பளம்கூடப் பொரிப்பதில்லை. நான் ஏங்கிப்போவேன் என்று என் மனைவி என் கண்ணில் படாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானம் அடுப்படிக்குள் போனேன். நின்றபடியே மோர்ச்சோற்றை அள்ளி விழுங்கிக்கொண்டிருந்தவள், சட்டென்று தட்டை மறைத்தாள்.

"திருடியா நீ? அப்பளத்தப் பொரி. வந்து உக்காந்து சாப்பிடு!" என்று கத்தினேன்.

"நீங்க பாத்துக்கிட்டு இருந்தா எனக்கு எப்படிங்க எறங்கும்?"

"யாரு பாக்கப் போறா? நானும்தான் சாப்பிடப் போறேன்."

எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் அப்பளத்தை நொறுக்கினாள். நான் குழாயில் பெரிய சிரிஞ்சைச் செருகி, வடிகட்டிய கேழ்வரகுக் கஞ்சியை ஊற்றி, சீக்கிரம் இறங்கட்டும் என்று உயரத் தூக்கிப் பிடித்தேன்.

"மெதுவா! வாய்ல சாப்பிட்டப்பவும் இம்புட்டு அவசரம், வயித்துல ஊத்துறப்பவும் இம்புட்டு அவசரமா?"

சிரிஞ்சைத் தாழ்த்தினேன். சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் திட்டு வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது.