நம்ம ஆளு பட்டறை

"நம்ம ஆளு" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் உடம்பு பற்றி எரியும். அந்த இரண்டு சொல்லை நம்பித்தான் என் காரை அவனிடம் விட்டேன்.

அப்போது ஈப்போவில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். கித்தா, அதாவது ரப்பர், விலை ஏறியிருந்த நேரம். தோட்டங்களில் வேலை வாங்குகிற கங்காணி, மண்டோர் கையிலெல்லாம் நாலு காசு புழங்கியது. கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, பெண் பார்க்க என்று எதற்கும் மாட்டுவண்டியை விட்டுக் காரைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். நாங்கள் கோப்பெங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவிய குடும்பம். நான் ஒரு துரைக்குக் கார் கழுவப் போய், அங்கேயே ஓட்டக் கற்றுக்கொண்டவன். என் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததோடு, லயத்து வீட்டுக்குப் பின்னால் என் மனைவி ஆடு வளர்த்து விற்ற பணத்தையும் போட்டு அந்தக் காரை வாங்கினோம். பழைய அமெரிக்கக் கார். மேலே துணிக்கூரை, மழை வந்தால் ஒழுகும். ஆனால் இஞ்சின் சுத்தம். நின்ற இடத்தில் ஓடவிட்டால் தையல் மிஷின் மாதிரி ஒரே சீராக ஓடும்.

ஒருநாள் லகாட்டிலிருந்து வரும்போது ஏற்றத்தில் இஞ்சின் இரண்டு முறை இருமியது. பெட்ரோலில் தூசி இருந்திருக்கும். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினால் தீர்ந்தது. அதற்கேற்ற ஸ்பானர் என்னிடம் இல்லை. அதனால் பட்டணத்துக்குள் ஒரு பட்டறைக்குப் போனேன். முதலாளி என் அப்பா பிறந்த ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன். என்னைவிடப் பத்து வயசு மூத்தவன். முறுக்கிய மீசை, விரலில் மோதிரம்.

"வா தம்பி. சீனன் பட்டறைக்கெல்லாம் ஏன் போற? நம்ம ஆளுக்கு நான் பாத்துத் தர மாட்டேனா?"

பார்த்துத் தந்தான். இருமல் போய்விட்டது. மூன்றாம் நாள் புது வியாதி வந்தது.

ரோட்டில் ஓடும்போது ஒன்றும் தெரியாது. ஆளை இறக்க வண்டியை நிறுத்தினால் போதும், இஞ்சினுக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிடும். முன்கண்ணாடி நடுங்கும், கதவு கடகடவென்று ஆடும், நாலைந்து முறை விக்கிவிட்டு அணைந்துபோகும். அந்தக் காலத்துக் காரை மறுபடி கிளப்ப வேண்டுமென்றால் இறங்கி முன்னால் போய், ஆண்டில் என்கிற இரும்புக் கைப்பிடியை மாட்டிக் கையால் சுற்ற வேண்டும். கோப்பெங் சந்தைக்கு முன்னால் வெயிலில் நான் சுற்றிக்கொண்டிருப்பேன். உள்ளே ஏறியவர்கள் ஒவ்வொருவராக இறங்கி அடுத்த காருக்குப் போவார்கள்.

திரும்பவும் அவனிடமே போனேன். பிளக் நாலும் போச்சு என்றான். மாற்றினான். இரண்டு நாள் நன்றாக ஓடியது, பிறகு அதே நடுக்கம். கார்புரேட்டரே தேய்ந்துவிட்டது என்றான். பழையதொன்றை வாங்கிப் போட்டான். அதுவும் இரண்டே நாள். அடுத்து, பொறி உண்டாக்கும் மேக்னட்டோ பழுது என்று அதைக் கழற்றிக் கம்பி சுற்றிக் கொடுத்தான். எல்லாம் சேர்த்து நாற்பத்தெட்டு வெள்ளி. தோட்டத்தில் ஓர் ஆள் மூன்று மாசத்துக்கு மேல் மரம் சீவினால்தான் அந்தப் பணத்தைக் கண்ணால் பார்க்க முடியும்.

என் மனைவிக்கு இஞ்சின் தெரியாது. வைத்தியம் தெரியும்.

"மருந்து குடிச்ச அன்னைக்கு எந்திரிச்சு உக்காருது, மறுநா படுத்துக்குது. இவன் நோயப் பாக்கலைங்க, நோய மூடி வைக்கிறான்" என்றாள்.

நான் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டேன். ஆனால் நாலு நாளில் வரப்போகிற ஒரு கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கிச் சவாரி ஒப்புக்கொண்டிருந்தேன். கோப்பெங் பக்கத்துத் தோட்டத்து மண்டோருடைய மகள் கல்யாணம். பெண்ணை ஈப்போ கோயிலுக்குக் கொண்டு போக வேண்டும். வேறு பட்டறை தேடி முதலிலிருந்து ஆரம்பிக்க நேரமில்லை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மறுபடி அவனிடமே வண்டியைக் கொண்டுபோய் விட்டேன்.

"அண்ணே, நாளைக்கு முகூர்த்தம். வண்டி நடுவுல நிக்கவே கூடாது."

"போ தம்பி. நின்னா என் மீசைய எடுத்துடறேன்."

அன்று சாயங்காலம் வண்டியை எடுக்கும்போது இஞ்சின் வழக்கத்தைவிடத் துடிப்பாக ஓடியது. எனக்குச் சந்தோஷம்.

மறுநாள் காலையில் பெண் வீட்டு லயத்து வாசலில் போய் நின்றேன். காரின் மூக்கில் மாலை கட்டினார்கள். பெண் பட்டுப்புடவையோடு ஏறி உட்கார்ந்தது. தட்டு ஏந்திய பெண்கள், நாயனக்காரர், ஊரே சுற்றி நிற்கிறது. மண்டோர் யாருக்காகவோ காத்திருக்கச் சொன்னார். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் மாலை நடுங்க ஆரம்பித்தது. பிறகு கதவு. பிறகு வண்டி அணைந்தது.

இறங்கினேன். பொறியைத் தாமதப்படுத்தும் நெம்புகோலை முழுக்கப் பின்னுக்குத் தள்ளினேன். பொறி முந்தி விழுந்தால் இஞ்சின் எதிர்ப்பக்கம் சுழன்று ஆண்டில் திருப்பி உதைக்கும், அதற்காகத்தான் அந்த நெம்பு. கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துத்தான் பிடித்தேன். துரை வீட்டில் கற்றதை ஒருநாளும் நான் மீறியதில்லை. கீழிருந்து மேலாக ஒரு இழுப்பு இழுத்தேன்.

ஆண்டில் உதைத்தது. பச்சைக் குச்சியை ஒடிக்கிற சத்தம் முதலில் கேட்டது. வலி அப்புறம் வந்தது. என் வலது மணிக்கட்டு இருக்க வேண்டிய பக்கம் இல்லை.

முகூர்த்தம் காத்திருக்காது. கித்தா ஷீட் ஏற்றுகிற தோட்டத்து லாரியைப் பிடித்துவந்து, பலகைமேல் பாய் விரித்துப் பெண்ணை ஏற்றினார்கள். புகைபோட்ட ரப்பர் நாற்றத்துக்கு நடுவில் அந்தப் பிள்ளை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது. மண்டோர் லாரியில் ஏறும்போது என்னைப் பார்த்துக் கத்தினார்.

"எம் பொண்ண ஷீட்டு லாரியில அனுப்ப வச்சிட்டியேடா! நீயெல்லாம் ஒரு டிரைவரா?"

நான் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். காரைத் தள்ளிக் கிளப்பி வேறொருவர் ஓட்டிவந்து என் வீட்டு முன்னால் விட்டார்.

நானும் என் பக்கத்து வீட்டுக்காரனும் ஒரே ஸ்டாண்டில் வண்டி போடுகிறவர்கள். அவன் இஞ்சினைத் திறந்து வெகுநேரம் பார்த்தான்.

"மச்சான், பொறி ரொம்ப முந்தி விழுது. மேக்னட்டோவ வேணும்னே முன்னால தள்ளி மாட்டிருக்கான். நெம்ப எவ்வளவு பின்னால இழுத்தாலும் பத்தாது."

"எதுக்கு அப்படி?"

"முந்தி விழுந்தா வேகமா ஓடும்லா. நடுக்கம் கொஞ்ச நேரத்துக்கு வெளிய தெரியாது."

ஆள் செத்தாலும் சரி, வண்டி பட்டறை வாசலைத் தாண்டினால் போதும் என்று அந்தப் பட்டறைக்காரன் செய்திருக்கிறான்.

பக்கத்து வீட்டுக்காரன் மேக்னட்டோவைப் பழைய இடத்துக்குத் திருப்பி இஞ்சினைக் கிளப்பினான். நடுக்கம் வந்தது. ஓடும்போது சரியாக இருந்து, நிற்கும்போது மட்டும் திணறுகிறதென்றால், எங்கேயோ திருட்டுக் காற்று உள்ளே போகிறது. இது நான் துரை காரிலேயே பார்த்த கோளாறு. பட்டறைக்காரன் பிளக்கையும் மேக்னட்டோவையும் சொல்லிச் சொல்லி என் புத்தியை அந்தப் பக்கமே திருப்பி வைத்திருந்தான். எண்ணெய்க் குடுவையை மனைவியிடம் கொடுத்தேன். இடது கையால் எனக்கு அளவாக ஊற்ற வரவில்லை.

"கார்புரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவுல ஒரு குழாய் இருக்கு பாரு. அதச் சுத்தி சொட்டுச் சொட்டா விடு."

ஒவ்வொரு இணைப்பாக விட்டுக்கொண்டே வந்தாள். கார்புரேட்டர் மாட்டுகிற மூலையில் எண்ணெய் பட்டதும் இஞ்சின் சட்டென்று சமாதானமாகி ஒரே சீராக ஓடியது. எண்ணெய் உள்ளே இழுபட்டதும் மறுபடி நடுங்கியது. இன்னொரு சொட்டு விட்டாள். மறுபடி சீராகியது.

குழாயைக் கழற்றினோம். போல்ட் துளைக்குப் பக்கத்தில் கால்வாசி விரல் நீளத்துக்கு வெடிப்பு. அதற்குள் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. என் மனைவி நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள்.

"துணி துவைக்கிற சவுக்காரம்ங்க இது" என்றாள்.

முதல் நாள் தூசி ஊதக் கழற்றியபோது போல்ட்டைக் கோணலாக முறுக்கிக் குழாயை உடைத்தவன் அந்தப் பட்டறைக்காரனே. உடைத்ததை மறைக்கச் சவுக்காரம் வைத்து அடைத்தான். சூட்டில் அது இரண்டு நாளில் உருகிவிடும். நான் போவேன். ஏதோ ஒன்றை மாற்றிக் காசு வாங்கிக்கொண்டு, கூடவே புதுச் சவுக்காரம் வைத்து அனுப்புவான். அவனுக்கு நோய் தெரியாமல் இல்லை. முதல் நாளிலிருந்தே தெரியும்.

குழாயைத் துண்டில் சுற்றிக்கொண்டு இரண்டு பேரும் ரிக்‌ஷாவில் பட்டறைக்குப் போனோம். நாலைந்து டிரைவர்கள் அங்கே நின்றிருந்தார்கள். அவன் மேஜைமேல் குழாயை வைத்தேன்.

"என்ன தம்பி, கையில கட்டு?" என்றான்.

"நீ கட்டினதுதான்."

குழாயைப் பார்த்தான். முகம் மாறவே இல்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "பழைய வண்டி, பழைய இரும்பு. அதுவா வெடிச்சிருக்கும் தம்பி. நமக்குள்ள இத ஒரு பேச்சா எடுத்துக்கிட்டு..."

"வெடிப்பு அதுவா வந்துச்சு. உள்ள சவுக்காரமும் அதுவா மொளச்சுதா?" என்று கேட்டாள் என் மனைவி.

ஒரு டிரைவர் சிரித்துவிட்டார். அப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது. பொம்பளையைக் கூட்டிவந்து பட்டறையில் பேசவைப்பவன் ஆம்பளையா என்று என்னைக் கேட்டான். நான் இடது கையால் குழாயை ஓங்கினேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன்மேல் இரக்கப்பட்டு அல்ல. "அது நம்ம குழாய்ங்க. ஒடஞ்சா இன்னொண்ணு யாரு வாங்குறது?" என்றாள்.

லகாட் பக்கத்தில் ஈயம் தோண்டுகிற லம்பமொன்றில் வேலை செய்த சீனப் பிட்டர் அந்த வெடிப்பைப் பித்தளை உருக்கி அடைத்துக் கொடுத்தார். இரண்டு வெள்ளி கேட்டார். அந்தத் தொகையைக் கேட்டதும், கை ஒடிந்தபோது வராத கண்ணீர் எனக்கு வந்தது. ஆத்திரத்தில் வந்த கண்ணீர்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்க மண்டோர் வந்தார். கொடுத்தேன். குழாயில் சவுக்காரம் ஒட்டியிருந்த இடத்தையும் காட்டி நடந்ததைச் சொன்னேன். குனிந்து அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அவர் திட்டிய திட்டு இருக்கிறதே, அதை எழுத முடியாது. ஆனால் இந்தத் தடவை என்னைத் திட்டவில்லை. போகிற தோட்டத்திலெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். லாரியில் போன மணப்பெண்ணுடைய தகப்பன் சொன்னால் யார் கேட்கமாட்டார்கள்? கோப்பெங் பக்கத்து டிரைவர்கள் பட்டறையை மாற்ற ஆரம்பித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அவன் ஆள் அனுப்பினான். வந்தவர் இருபது வெள்ளியை மேஜைமேல் வைத்து, "அண்ணன் கொடுக்கச் சொன்னாரு. இதோட பேச்ச விட்டுடச் சொன்னாரு. நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்கு?" என்றார்.

தூக்கி எறியத்தான் கை போனது.

"எடுத்து வைங்க" என்றாள் மனைவி. "நாப்பத்தெட்டுல இருபது நம்ம பணம். கோவத்த உலையில போட்டா சோறாகாது."

வாங்கினேன். வந்தவர் நிம்மதியாகப் போனார். பேச்சை விடுகிறேன் என்று நான் வாயைத் திறக்கவே இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் ஸ்டாண்டில், மணிக்கட்டைச் சுற்றிக் கட்டோடு பானெட்மேல் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். இருபது வெள்ளி அனுப்பி வாயை அடைக்கப் பார்த்ததையும் சேர்த்து, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கேட்கிற அளவுக்குச் சொன்னேன்.