சீலிங்குக்கு மேலே

கொழுந்தனார் என்றதும் எனக்கு முன்னால் வந்து நிற்பது அவருடைய இரண்டு கால்கள். எங்கள் முன்னறையில் மேசையை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஸ்டூலை வைத்து ஏறியிருந்தார். சீலிங்கில் ஒரு பலகையைத் தள்ளி, கையில் டோர்ச்சோடு இடுப்புவரை உள்ளே போய்விட்டார். கீழே நின்ற எனக்குக் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. குதிகால் வெடிப்புகளில் தேயிலைத் தூள் கறுப்பாக ஏறியிருந்தது. பிறகு சீலிங்குக்கு மேலிருந்து, வேறு யாரோ பேசுகிற மாதிரி அவருடைய குரல் கேட்டது. "அண்ணி, இங்க மழ பெஞ்சு வச்ச மாதிரி இருக்கு. தகரம் பூரா வேத்து நிக்குது." அன்று வெளியே மழை இல்லை. அதற்கு முந்திய நான்கு நாட்களும் மழை இல்லை.

அவர் என் கணவரின் தம்பி. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் மனைவி பிள்ளைகளோடு இருந்தார். எங்களுக்கு மட்டும் மேட்டில் தனிவீடு கிடைத்திருந்தது. என் கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். வருடத்தில் மூன்று நான்கு முறைதான் வருவார். தனிவீடு கிடைத்ததும் அவர் செய்த முதல் காரியம் சீலிங் அடித்தது. அறைகளுக்கு மேலே ஓர் இடுக்குக்கூட விடாமல் பலகை அடித்து, கூரை சுவரில் வந்து உட்காரும் ஓரங்களைச் சீமெந்தும் சாக்கும் வைத்து அடைத்து, குளிர் நுழைய வழியில்லாமல் செய்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் அவர் பிறந்து வளர்ந்தபோது தகரத்தில் படிந்த அடுப்புக் கரி சொட்டுச் சொட்டாகச் சோற்றில் விழுமாம். அதைச் சொல்லும்போதெல்லாம் அவருடைய உதடு லேசாகக் கோணும். சீலிங் முடிந்த அன்று அறை நடுவில் மல்லாந்து படுத்துக்கொண்டு அந்த வெள்ளைப் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நிறைவாக நான் அவரைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

முதல் குளிர்காலம் நன்றாகத்தான் இருந்தது. வீடு கதகதப்பாக இருக்கிறதென்று அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். அடுத்த வருடம் சீலிங்கின் மூலைகளில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. துடைத்தால் போகும், பத்து நாளில் திரும்ப வரும். அலமாரியில் மடித்து வைத்த சேலையை எடுத்தால் பழைய ஈரச்சாக்கு மணத்தது. மூடுபனி நாட்களில் விடியும்போது, மழையே இல்லாமல், கட்டில் மேல் சொட்டியது. பங்குனி வெயிலுக்கோ மத்தியானத்தில் உள்ளே உட்கார முடியாது. மேலேயிருந்து அனல் இறங்கும். மகளுக்கு அப்போது ஆறு வயது. அவளுக்கு இருமல் வந்தது, பிறகு இழுப்பு. அவள் மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கிடப்பது போலச் சத்தம் கேட்கும். நான் தைலம் தேய்த்தேன், கம்பளியால் மூடினேன், குளிரென்று ஜன்னல்களையும் அடைத்தேன்.

கொழுந்தனாருக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற மேல்மாடியில் பதினேழு வருடமாக நிற்கிறவர். மழை நாளில் கொழுந்து நனைந்து வரும். காற்றை எந்தப் பக்கம் விடுவது, எந்த ஜன்னலை எவ்வளவு திறப்பது என்று பார்ப்பதுதான் அங்கே வேலையே. மேசையிலிருந்து இறங்கி, தலைமுடியில் ஒட்டடையோடு நின்றபடி சொன்னார்: "நாம சமைக்கிற ஆவி, வெந்நி ஆவி, விடுற மூச்சு, எல்லாம் மேலதான் போவுது அண்ணி. போனது வெளிய போக வழி இல்ல. குளுந்த தகரத்துல பட்டுத் தண்ணியாகி நம்ம தலையிலயே வுழுது. ஸ்டோர்ல இப்படி அடைச்சு வச்சா கொழுந்து வாடாது, அவிஞ்சு போவும்." கூரையின் தாழ்ந்த ஓரங்களில் அடைத்ததை எடுக்க வேண்டும், இரண்டு பக்கத்து முக்கோணச் சுவர்களிலும் உச்சிக்குப் பக்கத்தில் வழி விட வேண்டும் என்றார். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் போதாது. காற்று கீழே நுழைந்து மேலே வெளியேற வேண்டும். கையாலேயே அந்தக் காற்றை வரைந்து காட்டினார்.

அன்று மாலையே கணவரிடம் போனில் சொன்னேன். அவர் கத்தவில்லை. குரல் இறங்கிவிட்டது. "தகரத்தோட அடிவயித்தப் பாத்துக்கிட்டே வளந்தவன் நான். எம் புள்ள அதப் பாக்கக் கூடாதுன்னுதான் பலக அடிச்சேன். அவன் வந்து அதுல ஓட்ட போடுவானா? நீ விட்டுருவியா?" விடமாட்டேன் என்று சொன்னேன். மறுநாள் கொழுந்தனார் உளியும் சுத்தியலுமாக வந்தபோது வாசலிலேயே நிறுத்தினேன். "வேணாம் தம்பி. உங்க அண்ணன் வீட்டுல கை வைக்காதீங்க." அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார். என் அண்ணன் வீடுதானே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை நேரம் மகளுக்கு மூச்சு ஏறவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. எங்கள் மேட்டுக்கு ஓட்டோ வராது. எனக்குக் கூப்பிடத் தெரிந்த ஒரே ஆளைக் கூப்பிட்டேன். கொழுந்தனார் வேலைக்குப் போகிற வழியிலிருந்து ஓடி வந்து அவளை முதுகில் போட்டுக்கொண்டு, தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்கி ரோட்டுக்கு ஓடினார். பின்னால் நான் செருப்பில்லாமல் ஓடினேன். டிக்கோயா ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப்புகை கொடுத்தார்கள். கால்மணி நேரத்தில் உதடு பழைய நிறத்துக்கு வந்தது. சிங்கள டொக்டர் அம்மா, தெரிந்த தமிழில் கேட்டார்: "வீடு உள்ள ஈரம் இருக்கா? செவத்துல கறுப்பு இருக்கா?" நான் "இல்லை" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. நல்ல வீடு என்று ஊரெல்லாம் சொன்ன வீடு. கட்டிலின் அந்தப்பக்கம் நின்ற கொழுந்தனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பிய அன்று அவரிடம் நான்தான் சொன்னேன். "ஞாயித்துக்கிழம வாங்க தம்பி. அண்ணன்ட்ட நான் பேசிக்கிறேன்."

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலையை முடித்தார். ஓரங்களில் இருந்த சாக்கையெல்லாம் பிடுங்கிப் போட்டபோது அதிலிருந்து தண்ணீர் வடிந்தது. அந்த இடைவெளி நீளத்துக்கும் எலியும் குளவியும் நுழையாதபடி கம்பி வலை அடித்தார். முக்கோணச் சுவர்கள் இரண்டிலும் சதுரமாக வெட்டி, பலகைக் கீற்றுகளைக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தார், சாரல் உள்ளே அடிக்காமல் இருக்க. குசினிக்குச் சீலிங் இல்லாததால் அடுப்புப் புகையும் ஆவியும் சுவருக்கு மேலாக வீட்டின் சீலிங்குக்குள் போய்க்கொண்டிருந்தன. அந்த இடத்தைப் பலகையால் மறித்து, புகைக்குத் தனியாக ஒரு குழாய் வைத்தார். காற்று புகுந்தால் தகரம் பறந்துவிடாதா என்று கேட்டேன். ஒவ்வொரு தகரத்தையும் ஆட்டிப் பார்த்து, ஆடியதையெல்லாம் முறுக்கிக் கட்டினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மகள் ஆணி எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்து வந்த மூடுபனிக் காலையில் விழித்ததும் கட்டிலைத் தடவிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. கறுப்புப் புள்ளிகளை மருந்துத் தண்ணீரால் துடைத்தேன். இந்த முறை அவை திரும்ப வரவில்லை. பிற்பாடு வந்த வெயில் காலங்களில் அனலும் அவ்வளவாக இறங்கவில்லை. மகளுக்கு இழுப்பு ஒரேயடியாக நின்றுவிடவில்லை. மாதத்துக்கு நான்கு தடவை வந்தது ஒன்றானது, பிறகு எப்போதாவது என்றானது.

கணவரிடம் பேசிக்கொள்கிறேன் என்றேனே, பேசவில்லை. ஒவ்வொரு நாளும் போனில் வேறு எதையாவது பேசினோம். அந்த வருடத் தீபாவளிக்கு அவர் வந்தபோது வீட்டுக்குள் நுழையாமல் முற்றத்திலேயே நின்று சுவரின் உச்சியைப் பார்த்தார். கொழுந்தனாரும் அந்த நேரம் பார்த்துப் பலகாரப் பையோடு வந்திருந்தார். கணவர் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லித்தான் செஞ்சானா?" என்று கேட்டார். நான் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றேன். "நான் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருந்த நேரத்துல செஞ்சிருக்காரு. வந்து பாத்தா வெட்டியிருக்கு" என்றேன். பயம் என்று சொல்லிவிடலாம், ஆனால் அவர் கை ஓங்குகிறவர் இல்லை. வருடத்தில் நான்கு நாள் பார்க்கிற முகம் அன்று என்னைப் பார்த்துச் சுருங்குவதை நான் விரும்பவில்லை. அவ்வளவுதான் காரணம். கொழுந்தனார் என்னை ஒரு தடவை பார்த்தார். "ஆமாண்ணே. அண்ணிக்குத் தெரியாது" என்றார்.

"இனி எம் வீட்டுக்குள்ள கால வைக்காத" என்றார் கணவர். பலகாரப் பையைப் படியில் வைத்துவிட்டுத் தம்பி இறங்கிப் போனார்.

கணவர் அந்தத் துவாரங்களை அடைக்கவில்லை. இரண்டாம் நாள் மேசைமேல் ஏறி உள்ளே பார்த்துவிட்டு இறங்கினார். அதற்குப் பிறகு கொழுந்தனார் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பாதையில் பார்த்தால், "புள்ள எப்படி இருக்கா அண்ணி?" என்று கேட்பார். நல்லா இருக்கா என்பேன். ஒவ்வொரு தடவையும், அடுத்த முறை கணவர் வரும்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அவர் வருவார். சந்தைக்குப் போவோம், கோவிலுக்குப் போவோம், மகளைக் கூட்டிக்கொண்டு மஸ்கெலியாவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவோம். பிறகு அவர் பஸ் ஏறிவிடுவார்.

இப்படியே இரண்டு வருடம் போனது. ஒரு நாள் மத்தியானம் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வேனில் கொண்டுவந்து முன்னறையில் கிடத்தினார்கள். எல்லாரும் அழுதார்கள். என்னையும் அழச் சொன்னார்கள். எனக்கு வரவில்லை. தலைமாட்டில் எரிந்த ஊதுபத்திப் புகை மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. கொழுந்தனார்தான் எல்லாக் காரியங்களையும் செய்தார். அண்ணனுடைய காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பேசாமலே போய்விட்டாரே என்று அழுகிறார், அதற்கு நான்தான் காரணம் என்று எண்ணினேன். அந்த எண்ணமும் யாரோ பக்கத்து வீட்டில் பேசுவது போலத்தான் கேட்டது.

கருமாதி முடிந்து பந்தல் பிரித்த பிறகு, வந்தவர்கள் உட்கார்ந்திருந்த கடைசிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். "தம்பி, அன்னைக்கு நான் உண்மையச் சொல்லியிருக்கணும். ஒங்க ரெண்டு பேரையும் நாந்தான் பிரிச்சிட்டேன்."

அவர் கையிலிருந்த கதிரையைக் கீழே வைத்தார். "அண்ணனுக்குத் தெரியும் அண்ணி."

எனக்குப் புரியவில்லை.

"அந்தத் தீபாவளிக்கு அடுத்த மாசமே தெரியும். ஒங்க மக போன்ல சொல்லியிருக்கா, சித்தப்பா ஏறும்போது அம்மாதான் ஏணியப் புடிச்சாங்கன்னு. அண்ணன் அன்னைக்கே எனக்குப் போன் பண்ணுனாரு. அதுக்கப்புறம் வாராவாரம் பேசுவோம். கடசியாப் பேசுனது அவரு போறதுக்கு முந்துன வெள்ளிக்கிழமதான்."

"அப்ப நீங்க ஏன் வீட்டுக்கு வரல?"

"வராதன்னாரு. 'அவளா ஏங்கிட்ட சொல்லட்டும். சொன்ன அன்னைக்கு நானே ஒன்னய வந்து கூட்டிட்டுப் போறேன்'னாரு. ஒவ்வொரு தடவ ஊருக்கு வந்துட்டுப் போனதும் கேப்பேன். இன்னும் சொல்லலடான்னுவாரு. கோவமா இல்லண்ணி, சிரிச்சிக்கிட்டேதான் சொல்லுவாரு."

அந்த இரண்டு வருடத்தில் அவர் ஏழு முறை வந்திருக்கிறார். ஏழு முறையும் நான் சோறு போட்டேன், அவர் பக்கத்தில் படுத்தேன். அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்றேன். இப்போதாவது அழுகை வரும் என்று நினைத்துக் குசினிக்குள் போய் நின்றேன். தண்ணீர் கொதித்தது. தேயிலையைப் போட்டு, வடித்து, சீனி கலந்து கொண்டுவந்து கொடுத்தேன். அவர் உள்ளே வந்து உட்கார்ந்து குடித்தார்.

இப்போது மகளுக்குப் பதினைந்து வயது. இழுப்புக்கு உறிஞ்சுகிற மருந்துப் பம்பை எங்கே வைத்தோம் என்றே மறந்துவிட்டது. ஹட்டனில் படிக்கிறாள், மலையேறி வீட்டுக்கு வந்தாலும் மூச்சு வாங்குவதில்லை. லயத்திலும் மேட்டிலும் பல வீடுகளுக்குக் கொழுந்தனாரே கூரை ஓரங்களைத் திறந்துவிட்டிருக்கிறார். போன மாதம் மகள் படித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன், சின்னப் பிள்ளையில் அப்பாவிடம் போனில் ஏணியைப் பற்றிச் சொன்னாயே, அப்போது அப்பா என்ன சொன்னார் என்று. நிமிர்ந்து பார்த்து யோசித்தாள்.

"நானா சொன்னேன்? ஞாபகம் இல்லம்மா" என்றாள். பிறகு புத்தகத்தில் விட்ட வரியை விரலால் தேடினாள்.