எங்களோடு வடக்கே வராத இலக்கம்

வடக்கே வேலை கிடைத்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் கணிதம் படிப்பித்தவள், மொன்ட்ரியாலுக்கு வந்து ஆறு வருடமாக டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகளுக்குக் கரண்டிகளைக் கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்தேன். இரவில் படித்து இந்த ஊர்த் தகுதிப் பத்திரமும் எடுத்தாயிற்று. நகரத்தில் ஒரு பள்ளிக்கூடமும் கூப்பிடவில்லை. கூப்பிட்டது கியூபெக்கின் வடகோடியில், றோட்டே போகாத ஒரு கடற்கரைக் கிராமம். டெலிபோனில் இருபது நிமிடம் பேசிவிட்டு, மரமே கிடையாது, குளிர் சைபருக்குக் கீழே நாற்பது வரை போகும், பரவாயில்லையா என்று கேட்டார்கள். திரும்பவும் கையில் வெண்கட்டி பிடிக்கலாம் என்றால் பனிக்கட்டிக்குள்ளேயே குடியிருக்கவும் நான் தயார்.

என் கணவருக்கும் அதே பள்ளிக்கூடத்தில் கட்டடம் பார்க்கிற வேலை தருவதாகச் சொன்னார்கள். அவர் டோர்வலில் விமானத்துக்குப் பெட்டி ஏற்றுகிறவர். குளிரைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப எங்கடை போன் நம்பர்?"

ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியும். அவருடைய தம்பி ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பிக் கனடாவுக்குப் புறப்பட்டவன். நாலு வருடத்துக்கு முன் பாங்கொக்கில் இருந்து டெலிபோன் எடுத்து, "வாற கிழமை எடுக்கிறன் அண்ணை" என்று சொல்லிவிட்டு வைத்தான். அதோடு சரி. அவனிடம் இருந்தது எங்கள் டெலிபோன் இலக்கம் ஒன்றுதான்.

"அது எங்களோடை வரும்," என்றேன். சும்மா சொல்லவில்லை. மொன்ட்ரியாலில் ஜூலை முதலாம் திகதி ஊர் முழுக்க வீடு மாறும். நாங்களும் மூன்று தடவை கட்டிலையும் சட்டி பானையையும் தூக்கிக்கொண்டு மாறியவர்கள். ஒவ்வொரு தடவையும் டெலிபோன் கொம்பனிக்கு எடுத்துப் புது விலாசத்தைச் சொன்னால் போதும், இலக்கம் எங்களுக்கு முன்னமே அங்கே போய் நிற்கும். அவர் என் சொல்லை நம்பி வேலையை விட்டார்.

பிறகு சாமான் பட்டியல். அந்த ஊருக்கு வருடத்துக்கு ஒரு கப்பல்தான். ஒரு வருடச் சாப்பாட்டையும் ஜூன் முடியுமுன் கட்டித் துறைமுகத்தில் கொடுத்துவிட வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கு ஒரு நேரச் சாப்பாட்டுக்கு ஒரு சுண்டு அரிசி, வருவார் போவாருக்கு இன்னொரு சுண்டு என்று கணக்குப் போட்டேன். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஆர் வரப்போகினம்? கரடியே?" என்றார். ஆனாலும் நான் ஒரு மூட்டையைக்கூடக் குறைக்கவில்லை.

ஒரு வருடத் தூளுக்கு மிளகாய் வறுத்த அன்று புகை மணி அடித்து, மொன்ட்ரியால்-நோர் பகுதியில் எங்கள் மூன்று மாடிக் கட்டடமே இருமிக்கொண்டு தெருவில் நின்றது. கீழ்மாடி அக்கா மட்டும், தான் பார்க்கிற பிள்ளைகள் நாலு பேரையும் வாசலில் இருத்திவிட்டு, மேலே வந்து கரண்டியை என்னிடமிருந்து பறித்தாள். வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறவள் அவள். "வடக்கை போகமுன்னம் எங்களைக் கொன்றுபோடுவாய் போலை," என்றாள்.

ஜூன் நடுவில் கொம்பனிக்கு எடுத்தேன். புது விலாசத்தைச் சொன்னேன். அந்தப் பெண் இரண்டு தடவை ஊர்ப் பெயரைக் கேட்டாள். பிறகு பிரெஞ்சில் மிக மரியாதையாகச் சொன்னாள். அவ்வளவு தூரத்துக்கு இந்த இலக்கம் போகாது. அங்கே வேறு இலக்கம் தருவார்கள். இது கொஞ்ச நாளில் வேறு ஆருக்காவது போய்விடும். மெர்சி என்று அவள் மொழியிலேயே நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.

ஒரு நாள் முழுக்க அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமலே விட்டால் என்ன என்றுகூட யோசித்தேன். வெட்கமான விஷயம்தான், ஆனால் யோசித்தேன். மறுநாள் அவர் அரிசி மூட்டைக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். அவர் முடிச்சை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அப்ப நீர் போம். நான் இங்கை நிக்கிறன்."

கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் கத்தவில்லை. நான்தான் கத்தினேன். "நாலு வருசமா எடுக்காதவன் இனித்தான் எடுக்கப்போறானே!"

அந்த வீட்டில் அதுவரை நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லாதது அது. அவர் எழுந்து டெலிபோன் இருந்த மேசைக்குப் பக்கத்தில் போய் இருந்தார். வேலையை வேண்டாம் என்று எழுதிவிடுவோம் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தோன்றியது. எழுதவும் மனம் வரவில்லை.

கீழ்மாடிக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. அக்கா ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே வந்தாள்.

"உந்த நம்பரை என்ரை வீட்டுக்கு மாத்துங்கோ. நான் எங்கை போறன்? நாள் முழுக்க வீட்டிலைதானே கிடக்கிறன்."

ஜூலை முதலாம் திகதி எங்கள் வீட்டுக்குப் புது ஆட்கள் வந்தார்கள். இலக்கம் ஒரு மாடி இறங்கியது. நாங்களும் ஒரு மாதத்துக்கு அக்காவின் வரவேற்பறைக்கு இறங்கினோம். அவளுடைய பச்சை டெலிபோனுக்குப் பக்கத்தில் எங்களுடைய கறுப்பு டெலிபோன் இருந்தது. அவர் பின்னேரங்களில் அவளை இருத்திப் பாடம் நடத்தினார். நான்கூட ஒரு வகுப்பை அப்படி வாட்டியதில்லை.

"தூரத்துக் கோல் எண்டால் முதல்லை சத்தம் வராது அக்கா. அதுக்காக வைச்சிடாதேங்கோ. நீங்கள் கதைச்சுக்கொண்டே இருங்கோ."

"ஓம் தம்பி, ஓம். எத்தினை தரம் சொல்லுவீர்?"

பள்ளிக்கூடத்து இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். ஒட்டியது விழுந்துவிடும் என்று பயந்து அலுமாரிக் கதவின் உட்பக்கத்திலும் ஒட்டினார்.

ஆகஸ்டில் ஒரு காலை டோர்வலில் பெட்டிகளைக் கொடுத்தோம். ஒன்றும் எடை கூடவில்லை, கட்டியது அவரல்லவா. விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. "ஒருக்கா சரிபாத்திட்டு வாறன்," என்று காசு போடுகிற டெலிபோனுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். எங்கள் பழைய இலக்கத்தை அழுத்தினார்.

அக்காவின் குரல் எனக்கே கேட்டது. "ஹலோ?"

அவர் வாயைத் திறந்தார். ஒரு சொல்லும் வரவில்லை.

"ஹலோ... தம்பியே?" அவள் குரல் மாறிவிட்டது. "வைச்சிடாதேங்கோ ராசா. உம்மடை அண்ணை சுகமா இருக்கிறார். உம்மைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். வடக்கை வேலைக்குப் போயிட்டார், நம்பர் இருக்கு. சொல்லுறன், எழுதும்."

நான்தான் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, விமானச் சீட்டின் பின்பக்கத்தில், அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.