ஆளே இல்லாத ஆறு மணி பஸ்

பண்பொழிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பஸ் நிற்கிற இடத்தில் என் கடை. டீயும் வடையும் உண்டு, சோப்பும் சீப்பும் உண்டு. யாரையாவது வம்புக்கு இழுக்காவிட்டால் எனக்குப் பொழுது விடியாது. அதற்கென்றே வாய்த்தவள் முத்துவடிவு. சொரிமுத்து அண்ணனின் மனைவி. முறைக்கு எனக்கு மதினி. கேலி பேச எனக்கு உரிமை இருக்கிறது. திருப்பிக் கொடுக்க அவளுக்கு வாய் இருக்கிறது.

மதினிக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நடவு, களையெடுப்பு என்று வயலே கதி. பிறகு நடவுக்கும் மெஷின் வந்தது, வேலை குறைந்துபோனது. குற்றாலத்தில் ஒரு விடுதிச் சமையலுக்கு ஆள் கேட்டார்கள். அப்போது போயிருந்தால், வாங்குகிற சம்பளத்தில் பாதியைப் போகவர பஸ்ஸுக்கே கொடுத்திருக்க வேண்டும். அதனால் போகவில்லை. அப்புறம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு வேண்டாம் என்று அரசாங்கம் சொன்னது. அந்த வாரமே மதினி விடுதியில் போய் நின்றாள்.

பாத்திரம் கழுவத்தான் எடுத்தார்கள். ஒரு வருஷத்துக்குள் அடுப்படி முழுக்க அவள் கைக்கு வந்துவிட்டது. அவள் வைக்கிற தேங்காய்ப்பால் சொதிக்காகவே அந்த விடுதியில் தங்குகிறவர்கள் உண்டு. முதல் சம்பளம் வாங்கியதும் தெருவுக்கே அல்வா கொடுத்தாள். எனக்குத்தான் கடைசியில், அதுவும் கொஞ்சூண்டு.

விடுவேனா?

"என்ன மதினி, ஓசி பஸ்ஸுல மகாராணி மாதிரி போறீய, வாரீய?" என்றேன்.

"யாருவே ஓசி? ஒம்ம கடையில சோப்பு வாங்குதேன், பிஸ்கட் வாங்குதேன். அதுல வரி இல்லாமலா குடுக்கீரு? நான் குடுத்த வரியிலதான் பஸ்ஸு ஓடுது. வேணும்னா நீரும் சேலையக் கட்டிட்டு ஏறும்!"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் புரையேறிவிட்டது. அதற்கப்புறம் ஓசி என்ற வார்த்தையை நான் எடுத்ததே இல்லை.

அந்த வரி நினைப்புத்தான் வினையாகிப்போனது. காசில்லாத பயணத்துக்கும் கண்டக்டர் ஒரு டிக்கெட் கொடுப்பார். மதினி அதை வாங்க மாட்டாள். "நம்ம வரிக் காசுல வாங்குன காகிதம். அத எதுக்குப்பா வீணாக்கணும்?" என்று கையை ஆட்டிவிடுவாள். பார்த்துப் பார்த்து ஏறுகிற பெண்கள் அத்தனை பேரும் கையை ஆட்டப் பழகிவிட்டார்கள். கண்டக்டர் குமரகுரு தங்கமான பையன். கெஞ்சுவான், அலுத்துப்போய் விட்டுவிடுவான்.

ஒருநாள் செங்கோட்டையில் கடைக்குச் சரக்கு எடுத்துக்கொண்டு, மதினி வேலை முடிந்து குற்றாலத்திலிருந்து வருகிற ஆறு மணி பஸ்ஸில் நானும் ஏறினேன். எங்கள் ஊருக்கு அதுதான் கடைசி பஸ். உள்ளே எல்லாம் பெண்கள், எள் போட இடமில்லை. குமரகுரு மெல்ல ஆரம்பித்தான்.

"அக்கா, ஒண்ணாம் தேதியில இருந்து இந்த ட்ரிப்ப நிறுத்தப் போறாவளாம்."

"ஏன் தம்பி?" என்றாள் மதினி.

"ஆளே ஏற மாட்டுக்காவளாம்."

பஸ்ஸே சிரித்தது. "ஏலே, ஒத்தக்கால்ல நிக்கேன். இன்னொரு காலு யாரு மேல இருக்குன்னே தெரியல. ஆள் இல்லையா?" என்று கத்தினேன்.

"அண்ணாச்சி, ஆபீஸ்ல தலையவா எண்ணுதாவ? டிக்கெட்டத்தான எண்ணுதாவ. பொம்பளையாளு டிக்கெட்டுக்கு அரசாங்கம் பணம் குடுக்கு. டிக்கெட் குடுத்தாத்தான் ஆள் ஏறுனதா கணக்கு. இவங்க யாரு வாங்குதா? மிஷினப் பாத்தா இந்த பஸ்ஸுல நீங்க ஒராளுதான் வாரீய."

மதினியின் முகம் செத்துப்போனது. ஊர் வந்து இறங்கியதும் என் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நான் வம்பிழுத்தும் வாய் திறக்கவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை. விஷயத்தைக் கேட்ட சொரிமுத்து அண்ணன், "அப்ப வேலைய விட்ரு. ஒழைச்சதெல்லாம் போதாதா?" என்றார். பிரியமாகத்தான் சொன்னார். அவர் அந்தப் பக்கம் போனதும் மதினி அழுதேவிட்டாள்.

"கொழுந்தனாரே, அங்கன நாலு பேரு 'அக்கா, இன்னைக்குச் சொதி உண்டா'ன்னு கேக்காவ. அது போச்சுன்னா எனக்கு என்ன இருக்கு? நானே கையாட்டி, நானே கெடுத்துக்கிட்டேனே!"

ஆனால் மதினி ஒரு ராத்திரிக்கு மேல் அழுகிற ஆளில்லை. மறுநாள் வெயில் ஏறும் முன்னே தெருவில் அவள் குரல் கேட்டது. "ஏட்டி, இனிமே டிக்கெட் வாங்காம ஒருத்தி எறங்குனா என் மூஞ்சியில முழிக்கக் கூடாது! சும்மா இருக்கவளும் வாங்க. சாரல் அடிக்கு, ஐந்தருவியில தண்ணி கொட்டுது. குளிச்ச மாதிரியும் ஆச்சு, பஸ்ஸக் காப்பாத்துன மாதிரியும் ஆச்சு!"

அவ்வளவுதான், ஊரே கிளம்பிவிட்டது. சாயங்காலமானால் வீட்டில் ஒரு பெண் கிடையாது. என் வீட்டுக்காரி ஸ்ரீதேவி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "பால் இருக்கு, நீங்களே காய்ச்சிக் குடிங்க" என்று போய்விட்டாள். ஊருக்கெல்லாம் டீ போடுகிறவனுக்கு வீட்டில் டீ இல்லை! பஸ்ஸிலோ ஒரே கூத்து. பேச்சித்தாய் பெரியம்மை, "எனக்கு ரெண்டு குடு, நேத்து வாங்கல" என்று மல்லுக்கு நின்றாளாம். டிக்கெட் கொடுத்துக் கொடுத்துக் குமரகுருவுக்கு விரல் வீங்காத குறை.

நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நானும் குளிக்கப் போனேன். திரும்பும்போது பஸ் முழுக்க ஈரத்தலை. நெற்றி ஏறிய ஒரு மனிதர் ஏறி, நிற்க இடமில்லாமல் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். குமரகுரு அவரிடம் டிக்கெட் கேட்கவில்லை. மதினி பார்த்துவிட்டாள்.

"அண்ணாச்சி, டிக்கெட் எடுத்தாச்சா?"

குமரகுரு கண்ணைக் கண்ணைக் காட்டினான். அவள் எங்கே பார்த்தாள்?

"நான் டிப்போவுல இருந்து வாரேம்மா. இந்த ட்ரிப்பப் பாக்கத்தான் வந்தேன்" என்றார் அவர்.

"டிப்போவா இருந்தா என்ன? ஒரு டிக்கெட் கொறஞ்சாலும் பஸ்ஸ நிறுத்திருவாவளாம். எடுங்க!"

அந்த மனிதர் ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு சிரித்துக்கொண்டே பையிலிருந்து காசெடுத்து டிக்கெட் வாங்கினார்.

"இவ்வளவு பேரும் தெனமும் வாரியளா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லித் தொலைய வேண்டியதுதானே? மதினிக்குப் பொய் வராது. "பாதிப் பேரு குளிக்க வந்தவ சார். மீதிப் பேரு வேலைக்குப் போயிட்டு வாரவ. மீதிப் பேரே இந்த பஸ்ஸு நெறையக் காணும். நான் அதுல ஒருத்தி. பஸ்ஸு நின்னா என் வேலையும் நின்னுரும்" என்றாள். அவர் டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு செங்கோட்டையில் இறங்கிவிட்டார்.

ஒண்ணாம் தேதியும் வந்தது. அன்று மதினி காலையில் போகும்போதே, பஸ் வராவிட்டால் வேலையை விட்டுவிடுவதாக அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். சாயங்காலம் அண்ணன் கடைக்கு வந்தார். டீ கேட்டார், குடிக்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை பிடித்துக்கொண்டது. வழக்கமான நேரம் தாண்டிவிட்டது. நான் கழுவின கிளாஸையே மறுபடி கழுவினேன்.

ஹாரன் சத்தம்தான் முதலில் கேட்டது. குமரகுரு படியில் தொங்கிக்கொண்டு விசில் ஊதிக்கொண்டே வந்தான். பஸ் நிற்கும் முன்பே மதினி குதித்தாள்.

"ட்ரிப்பு இருக்கு! ஏ கொழுந்தனாரே, ட்ரிப்பு இருக்குவே!"

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மழைத் தண்ணீர் என்று சொல்லிச் சமாளித்தேன். அண்ணன் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அங்கன அப்படி என்னதான் இருக்கு? நாளைக்கு நானும் வந்து பாக்கேன்" என்றார்.

மறுநாள் காலை ரெண்டு பேரும் பஸ் ஏறினார்கள். குமரகுரு வந்ததும் அண்ணன் சட்டைப் பையில் கையை விட்டார். மதினி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"நீரு சும்மா இரும். தம்பி, இவருக்கு ஒரு டிக்கெட். காசு நான் தாரேன், என் சம்பளம்."

அண்ணன் அந்த டிக்கெட்டைப் பையில் வைக்கவே இல்லையாம். குற்றாலம் போய்ச் சேரும்வரை பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம், "எம் பொண்டாட்டி எடுத்துக் குடுத்தது" என்று காட்டிக்கொண்டே போனாராம்.